இரண்டு நிமிடம் ஐம்பத்தோரு நொடி

ஆளுக்கொரு சட்டை கொடுத்திருந்தார்கள்,
முதுகில் ‘ஒரே மூச்சு’ என்று அச்சடித்து.
எனக்கு வந்தது ஆண்கள் அளவு.
ஸாக்ரெப் அலுவலகத்திலிருந்து பதினெட்டுப் பேர்,
பேருந்து, கப்பல், மறுபடி பேருந்து,
லோஷின் தீவில் ஒரு குடாவில்
இடுப்பளவு தண்ணீர்.
குப்புறக் கிடந்து மூச்சை அடக்க வேண்டும்.
இதனால் இழப்பீட்டுப் பிரிவும் விற்பனைப் பிரிவும்
ஒன்றையொன்று புரிந்துகொள்ளுமாம்.

பயிற்றுநர் தோன்கா சொன்னாள்:
ஒருவர் மிதக்க ஒருவர் காவல்.
அரை நிமிடத்துக்கு ஒருமுறை தோளைத் தொடு.
மிதப்பவர் சுட்டுவிரலை உயர்த்தினால் சரி.
உயர்த்தாவிட்டால் இன்னொருமுறை தொடு.
அதற்கும் இல்லையா,
புரட்டு. யோசிக்காதே.

முக்கியமாக,
முன்னதாக வேகவேகமாக மூச்சு வாங்காதீர்கள்.
ஏமாந்த உடம்பு
சொல்லாமல் கொள்ளாமல் கடையைச் சாத்திவிடும்.
தலையாட்டினோம்,
தீயணைப்புப் பயிற்சியில் ஆட்டுவதுபோல.

சீட்டுக் குலுக்கியதில்
எனக்கு விழுந்தது இயக்குநர் கிரெஷிமிர்.

பன்னிரண்டு வருஷமாக அவரை
மேஜைக்கு மேலே உள்ள பாதியாகத்தான் தெரியும்.
இப்போது பிடரி.
அதில் ஒரு பழைய தையல் தழும்பு,
நனைந்து ஒட்டிய நாலைந்து நரை.
பின்னந்தலை யாருக்கும்
உத்தரவு போடுவதில்லை.

அவருக்கு முன் ஸ்லாவென்
மூன்று நிமிடம் பத்து நொடி கிடந்திருந்தான்.
விற்பனைப் பிரிவு விசிலடித்தது.
கிரெஷிமிர் படகின் மறைவுக்குப் போய்
தோள் குலுங்கக் குலுங்கக்
காற்றை வாரிக் குடித்ததை
நான் பார்த்தேன்.
பார்த்துவிட்டு
என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தோள். விரல்.
தோள். விரல்.
மற்றவர்களுக்கு ஒன்றரை நிமிடத்திலேயே
வயிறு துள்ளத் தொடங்கியது.
இவருக்கு அசைவே இல்லை.
‘என்ன நிதானம் பாருங்கள்’ என்றாள் யெலெங்கா.
தோள். விரல்.
தோள். விரல், கொஞ்சம் பிந்தி.
தோள்.
தோள்.

புரட்டினேன்.
உதடு கார்பன் தாள் நீலம்.
கன்னத்தில் தட்டச் சொல்லித் தந்திருந்தாள் தோன்கா.
தட்டினேன் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன்.
அறைந்தேன்.
எங்கள் மொழியிலும் நீ உண்டு, நீங்கள் உண்டு.
அவருக்கு நான் நீங்கள், எனக்கு அவர் நீங்கள்,
சம்பள உயர்வு இல்லை என்று சொன்ன அன்றும்
நீங்கள்தான்.
விடு, என்று கத்தினேன்,
மூச்சு விடு, கிரெஷோ, விடுடா.

கண் திறந்ததும்
என் மணிக்கட்டைப் பிடித்தார்.
விளக்கை அணைக்காதே, என்றார்,
எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.
பகல் பதினொன்றரை மணி,
வெயில் தண்ணீரில் சில்லறை இறைத்துக்கொண்டிருந்தது.
தோன்கா நீந்தி வருவதற்குள்
ஆள் மாறிவிட்டது.
எவ்வளவு? என்று உரக்கக் கேட்டார்.
இரண்டு ஐம்பத்தொன்று.
ச்சே, என்றார்.

இன்றைக்கு இனித் தண்ணீர் கிடையாது என்று
தோன்கா அவரைத் துண்டில் சுற்றிப்
பைன் மர நிழலில் உட்கார்த்திவைத்தாள்.
சாப்பாட்டில் சுட்ட மத்தி, உருளைக்கிழங்கு, கீரை.
தட்டோடு என் பக்கம் நகர்ந்து வந்தார்.
‘அப்போது நான் சொன்னதை’ என்று தொடங்கி
எலும்பு ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு,
‘யாரிடமும் மூச்சு விடாதீர்கள்’ என்றார்.
சரி என்றேன்.
எலுமிச்சை கேட்டார். கொடுத்தேன்.

என் முறை: ஒரு நிமிடம் நாலு நொடி.
பட்டியலில் கடைசி.

திரும்பும் வழியில் ஒரு படிவம் வந்தது.
இன்று உங்கள் இணையைப் பற்றிப்
புதிதாக அறிந்துகொண்டது என்ன?
மத்தியின் எலும்பை
ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்,
என்று எழுதினேன்.

திங்கட்கிழமை லிஃப்டில்
எனக்கு முன்னால் நின்றார்.
தழும்பு பாதி காலருக்குள்.
நான் எண்ணத் தொடங்கியிருந்தேன் என்பது
பத்தொன்பதில்தான் உறைத்தது.
என் கை தோள்வரை எழும்பி
பை வாரைப் பிடித்துக்கொண்டது.
அவருடைய சுட்டுவிரல் உயர்ந்தது.
ஏழாம் எண்ணை அழுத்தத்தான்.