பத்துக்கு எத்தனை

கீழே வர்க்கி அடுப்பு எரிகிறது,
அதன் மேல் என் அறை.
கோத்தகிரியில் ஜனவரியிலும் தரை சுடுகிற
ஒரே வாடகை வீடு இதுவாகத்தான் இருக்கும்.
மடிக்கணினிக்கு ஒத்துக்கொள்ளவில்லை,
விசிறி இரவெல்லாம் கத்துகிறது.
மாதம் ஐந்து விளையாட்டு,
ஒவ்வொன்றுக்கும் அறுநூறு சொல்,
கடைசியில்
பத்துக்கு எத்தனை.

முதலில் கார்ப் பந்தயம்.
மலைப்பாதையாம். தார் மின்னுகிறது.
கண்ணாடியில் மழைத்துளி ஒவ்வொன்றாய் உருள்வதை
யாரோ மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.
மேட்டுப்பாளையத்துக்குக் கேரட் லாரி ஓட்டும்
மணிபோஜனிடம் கொடுத்தேன்.
இரண்டாம் வளைவில் நிறுத்திவிட்டார்,
எதிரே ஏறி வந்த வண்டிக்கு வழிவிட.
பின்னால் வந்த எட்டுக் காரும்
அவர்மேல் ஏறிப் பறந்தன.
"ஹாரனே வைக்கலையே,
அப்புறம் என்ன ரோடு?"
அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.
ஏழு.

அடுத்தது பேய்.
கதவைத் திறந்தால் மூடுபனி,
பனிக்குள் நடந்தால் இன்னும் பனி.
பனியென்றால் பயம் என்று
எந்தச் சமவெளிக்காரன் முடிவு செய்தான்?
இங்கே பனிக்குள்ளிருந்துதான் பால்காரர் வருகிறார்,
பள்ளி வேனுக்கு மூக்கொழுகப் பிள்ளைகள் நிற்கிறார்கள்.
பயம் நல்ல வெயிலில் வரும்.
மதியம் இரண்டு மணிக்குத்
தேயிலைக்கு நடுவே கறுப்பாய் ஒரு பாறை
தலையைத் தூக்கிப் பார்க்கும்.
நேற்று அங்கே பாறை இல்லை என்பது
அப்போதுதான் ஞாபகம் வரும்.
நான்கு.
அந்த மரப்படி முனகலுக்காக இன்னொரு அரை.

சுடுகிற விளையாட்டில்
ஆயிரத்து நூறு ரூபாய்க்குத் தொப்பி விற்கிறார்கள்.
குண்டு அதைத் துளைத்துக்கொண்டு போகிறது.
ஊட்டி பூங்கா வாசலில் நூற்றிருபதுக்கு வாங்கினால்
காதுக்குக் குளிராவது அடைக்கும்.
இரண்டு.

பிறகு அந்தத் தோட்டம்.
மாவுப் பொம்மை மாதிரி மனிதர்கள்.
விதை, தண்ணீர், அறுவடை, மறுபடி விதை.
சலிப்பு என்று எழுதினேன்.
உழைப்பின் மேல் சர்க்கரை தூவி
உழைக்காதவர்களுக்கு விற்கிறார்கள் என்றும் எழுதி
அந்த வரியை நானே இரண்டு முறை வாசித்துக்கொண்டேன்.
மூன்று. அனுப்பியாகிவிட்டது.

பக்கத்து வீட்டு யோகேஸ்வரி
பொழுதெல்லாம் இலை பறித்துவிட்டு வந்து
இடுப்பில் துண்டை அவிழ்க்காமலேயே
போனில் அதைத்தான் ஆடுகிறாள்.
நான்தான் போட்டுக் கொடுத்தது.
"பகலும் இலை, ராத்திரியும் இலையா?"
போனைத் திருப்பிக் காட்டினாள்.
"பாருங்க, பறிக்கிறதுக்கு முன்னாடியே
கிலோ என்ன விலைன்னு எழுதிப் போட்டிருக்கான்.
நம்ம ஃபேக்டரியில
போன மாசத்து இலைக்கு இந்த மாசம்தான் வாய் திறப்பாங்க."
கொஞ்ச நேரம் கழித்து,
"அட்டையும் கடிக்கலை."

நீங்க எத்தனை போட்டீங்க என்று கேட்டாள்.
எட்டு என்றேன், கூசாமல்.

"எட்டா?
மழை பேஞ்சா நல்லா விளையும்,
அவ்வளவுதான் தெரியும் அவனுக்கு.
பதினோரு நாள் விடாம ஊத்தி
கொழுந்துல கொப்புள நோய் விழுந்ததை
அவன் எங்க பார்த்தான்?
கூடையும் கனக்கலை.
மாடு செத்தா மறுநாள் காலையில எந்திரிச்சு நிக்குது.
ஆறு போடுங்க.
அதுவும் அந்த விலைக்காக."

மேலே வந்தேன்.
ஐந்தாவது விளையாட்டு
நாற்பத்தொரு விழுக்காடு இறங்கி
மழைக்கு அங்கேயே நிற்கிறது.
பழைய கோப்பைத் திறந்து
சலிப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டு
அந்த இடத்தில்
கொப்புள நோய் என்று அடித்துப் பார்த்தேன்.
வாக்கியம் சரியாக உட்காரவில்லை.
காசு வந்துவிட்ட கட்டுரை,
என் கணினியில் மட்டும் இருக்கிற திருத்தம்.

அங்கே மூன்று
மூன்றாகவே இருக்கிறது.
கீழே இரண்டாம் ஈடு வர்க்கியை
அடுப்பில் தள்ளுகிற சத்தம்.