அரையடிக்கு இரண்டு முறை

பதினோரு நிமிடம் என்றாள் பக்கத்து வீட்டு மாதியம்மா.
மணி பார்க்க அவளுக்கு மனசு இருந்திருக்கிறது.
நான் உலையில் கொதித்த சோற்றை அப்படியே விட்டு
பிரணித்தைக் கட்டிலுக்கடியில் தள்ளி
பாதி உடம்பை நானும் நுழைத்துக்கொண்டேன்.
மீதிப் பாதி கூரையை நம்பி வெளியே கிடந்தது.
குழைந்துபோன சோறும் கணக்கில் சேரும் என்றால்
அங்கிருந்து எழுதலாம்.

யேசுராசு எழுதித் தந்தது
ஒரு கல்யாணப் பத்திரிகையின் முதுகில்:
சிமெண்ட் ஷீட் ஐந்தடி, பதினான்கு.
ஜே போல்ட் நாற்பத்திரண்டு, தார் வாஷரோடு.
ரெண்டு ஆள், ரெண்டு நாள்.
டீ தனி.
எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது,
கீழே இரண்டு கோடு.
திருப்பினால் தங்கள் நல்வரவை விரும்பும்
யாரோ இரண்டு குடும்பம்.

"பத்தடி ஷீட்டே போட்டுடலாமே?"
"போடலாம்க்கா. உங்க சந்துல திரும்பாது."
திரும்பாதுதான். எங்கள் பீரோ
கேத்தி பாலாடா ரோட்டோரம் மூன்று நாள் நின்று
காலை வெட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தது.
ஆகவே ஐந்தடி.
ஐந்தடி என்றால் ஒன்றின்மேல் ஒன்று
அரையடி ஏறிப் படுக்க வேண்டும்.
அந்த அரையடிக்கு இரண்டு முறை காசு.
சந்து குறுகலாய்ப் போனதற்கு
முந்நூற்று எழுபது ரூபாய் என்று
ஓரத்தில் நானே குறித்துக்கொண்டேன்.

ஓட்டை இருபத்தாறு.
காலை ஒன்பது மணிக்கு வெயில் இறங்கி
தரையில் இருபத்தாறு இடத்தில் உட்காரும்.
பிரணித் ஒவ்வொன்றின்மேலும் ஒரு ரூபாய் வைத்தான்.
உண்டியலில் இருந்த பத்தொன்பதும் தீர்ந்து
மீதிக்குப் பட்டன் வைத்தான்.
அடைச்சாச்சும்மா என்றான்.
பல் விளக்கித் திரும்புவதற்குள்
வெளிச்சம் ஒரு விரற்கடை தள்ளிப் போயிருந்தது.

மாதியம்மா எலுமிச்சை அளவில் ஒரு கட்டியை
ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாள், வி.ஏ.ஓ. வந்தால் காட்ட.
கரண்ட் வர இரண்டு நாள் ஆனது.
கிண்ணத்துத் தண்ணீரைப் பார்த்துவிட்டு
அவர் பட்டா கேட்டார்.
என்னிடம் தண்ணீரும் இல்லை.

குழுவில் கூரைக்குக் கடன் கிடையாது, மாட்டுக்கு உண்டு.
மாடு வாங்கியதாய் எழுதிக்கொள்ளேன் என்றாள் தலைவி சுகந்தி.
மாடு என்றால் காதில் நம்பர் வில்லை மாட்ட வேண்டும்.
ஷீட்டுக்குக் காது எங்கே என்று சிரித்தோம்.
சிரித்துவிட்டு எழுந்து வந்தேன்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது.
இலை கிழிந்த கேரட் மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும் என்று
பள்ளத்தாக்கு முழுக்க ஒரே சமயத்தில் பிடுங்கினார்கள்.
வாரத்துக்கு மூன்று இரவு ஓடும் கழுவுகிற மெஷின்
ஒன்பது இரவு நிற்கவே இல்லை.
மூட்டைக் கணக்கில் கூலி.
விரலிடுக்கெல்லாம் ஊறி வெளுத்தது,
ஸ்வெட்டர் பையில் தாள் சேர்ந்தது.
நான்காம் இரவு ஜோகி கவுடர் வந்து
தன் மூட்டைகளுக்கு ஓரமாய் நின்றார்.
மேட்டுப்பாளையத்தில் கிலோ ஏழு ரூபாய் என்று
செல்போனில் யாரோ சொல்ல
சரி, சரி என்றார்.
கேரட்டின் தலைப்பக்கம் கல் பட்ட தழும்பு.
என் கூரையில் விழுந்த அதே மழைதான்
அவர் காட்டிலிருந்து எடுத்து என் பையில் போடுகிறது.
அன்றிரவு அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

கேரட்டை இறக்கிவிட்டு வெறுமனே மலையேறிய
பிக்கப்பில் ஷீட் வந்தது.
டீசலுக்குப் பாதி கேட்டான் டிரைவர் அமலன்.
பதினான்கில் ஒன்று
எந்தக் கொண்டை ஊசி வளைவிலோ விரிந்திருந்தது.
யார் தலையில் கட்டுவது என்று பேசிப் பார்த்து
விட்டுவிட்டோம்.
பழையதில் நல்லதாய் ஒன்றைத் தேடி
எம்-சீல் அப்பி ஏற்றினார் யேசுராசு.
அது அடுப்புக்கு நேர் மேலே.

டீ பதினெட்டு ஆனது.
பட்டன்களை டப்பாவில் போட்டுவிட்டேன்.
சோற்றுப்பானையை மூடிவைத்து வேகவிடப்
பழகிக்கொண்டிருக்கிறேன்.