கடைசி மெட்ரோவுக்குப் பிறகு

திபிலிசியில் எங்கள் ஆய்வகத்துக்குக் கீழே
மெட்ரோ ஓடுகிறது.
நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை
காந்த ஊசி திடுக்கிட்டுத் திரும்பி
அசடு வழிய மறுபடி வடக்கைப் பார்க்கிறது.
அதனால் நள்ளிரவுக்காகக் காத்திருக்கிறோம்
நானும் நானுலியும்
ஆறிப்போன தேநீரும்.

சுருள் அவள் சுற்றியது.
அரை மீட்டர் பிளாஸ்டிக் குழாயில் இருநூறு சுற்று.
நூற்று முப்பத்தேழில் மின்சாரம் போனது.
இருட்டில் அந்த எண்ணை
வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்;
கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை.

கணக்கு என்னுடையது.
தாளில் சுருளை நெடுக்காகப் பிளந்து
ஒரு செவ்வகம் வரைகிறேன்:
ஒரு பக்கம் உள்ளே, ஒரு பக்கம் வெளியே,
இரண்டு குறுக்கே.
வெளியே புலமில்லை, பூஜ்ஜியம்.
குறுக்கே போவது புலத்துக்குச் செங்குத்து,
அதுவும் பூஜ்ஜியம்.
நான்கில் மூன்று சும்மா இருக்க
உள்ளே கிடக்கும் ஒன்றே அத்தனையும் சுமக்கிறது.
“எங்கள் வீடு மாதிரி” என்கிறாள் நானுலி.
பென்சிலைப் பிடுங்கி
அந்த ஒற்றைக் கோட்டை மட்டும்
இன்னொரு முறை அழுத்தி வரைகிறாள்.

மியூ நாட்,
மீட்டருக்கு நானூறு சுற்று,
ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு.
ஐம்பது மைக்ரோடெஸ்லா; கொசுறாகக் கால்.
பூமி இந்த ஊருக்கு அளந்து போடுவதும்
ஏறக்குறைய அவ்வளவுதான்.
எதிர்த்திசையில் அதே அளவை வைத்து
ஒரு சாண் இடத்தில்
வடக்கை இல்லாமல் ஆக்கப் பார்க்கிறோம்.

பன்னிரண்டரை.
கடைசி ரயில் போய்த் தரை அடங்குகிறது.
சுருளின் பங்கு மட்டும் எவ்வளவு?
நாற்பத்தொன்பது புள்ளி மூன்று.
நூற்றுக்கு இரண்டு குறைகிறது.
“நாலு சுற்று விட்டிருப்பேனோ?”
டார்ச் வெளிச்சத்தில், நகத்தால் ஒவ்வொன்றாகத் தட்டி,
முதலிலிருந்து எண்ணுகிறாள்.
இருநூறு.

தப்பு என் செவ்வகத்தில்.
முடிவே இல்லாத சுருளை நம்பி வரைந்தது அது.
இவளுடையது அரை மீட்டரில் முடிந்துவிடுகிறது;
இரண்டு வாயிலும் புலம் விரிந்து
வெளியே நழுவிக்கொண்டிருக்கிறது.
பூஜ்ஜியம் என்று எழுதிய இடத்தில்
‘கிட்டத்தட்ட’ என்று சேர்க்கிறேன்.

குழாயைப் பூமியின் புலம் சாயும் வாக்கில் சாய்த்து
மின்னோட்டத்தை ஒரு மயிரிழை கூட்டுகிறேன்.
உள்ளே, பட்டு நூலில் தொங்கும் ஊசி
கதவைப் பார்க்கிறது,
சுவரைப் பார்க்கிறது,
அவசரமில்லாமல் எங்களைப் பார்க்கிறது.
நானுலி மெல்ல ஊதுகிறாள்.
திரும்பிய இடத்திலேயே நின்றுவிடுகிறது.

அளவைக் குறித்தாயிற்று.
ஸ்விட்சுக்கு நீண்ட என் கையைப் பிடிக்கிறாள்.
“முதல் ரயில் ஆறு மணிக்குத்தானே?
அதுவரை விடு.”