மூன்று வரி இடம்

பெயர் சொல்லக்கூடாது. பதினாறு வயது.
'அவன்' என்று மட்டும் எழுதலாம் என்கிறது சட்டம்.
சரி, அவன்.

எனக்கும் ஒரு சட்டம் இருக்கிறது:
கூட்டாதே, குறைக்காதே,
யார் பேசினாலும் 'நான்' என்றே சொல்.
அதனால் இன்று காலை ஒன்பதரைக்கு
நான் அவனுடைய தாய்.
ஒன்பது முப்பத்தொன்றுக்கு
நான் நன்னடத்தை அதிகாரி ஒகாஃபோர்.
இரண்டு பேருக்கும் நடுவில்
தண்ணீர் குடிக்கிற சுகிர்தமலர்.

ஸ்காபரோவில் ஒரு மூன்றாம் மாடி அறை.
கண்ணாடிக்கு வெளியே உப்புத் தின்ற பனி.
ஒகாஃபோரின் படிவத்தில் 'காரணங்கள்' என்று ஒரு தலைப்பு,
அதன்கீழ் மூன்று வரி இடம்.

தகப்பன் வீட்டில் இருக்கிறாரா?
"இருக்கிறார். நான் காண்கிறேல்லை.
பகல் நான் ஹோட்டலில கட்டில் விரிப்பு மாத்துறன்,
இரவு அவர் பாண் பேக்கரியில.
கதவடியில சப்பாத்து இடம் மாறிக் கிடக்கும்.
அதிலதான் தெரியும், ஆள் வந்து போனது."

பள்ளிக்கூடத்தில் ஏதும் பிரச்சினை?
"இல்லை. எப்பவும் நல்ல கடிதம்தான் வரும்.
அவன்தான் வாசிச்சுச் சொல்லுவான்."

ஒகாஃபோர் கோப்பைத் திறந்தார்.
மூன்று நாள் இடைநிறுத்தம். பிறகு ஐந்து.
பிறகு இருபது; அந்த முறை அடி வாங்கியது அவன்,
ஆனாலும் கடிதம் எல்லோருக்கும் ஒன்றுதான்.
தாய் அவரைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்,
நான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டதுபோல.

ஒன்பது வயதில் அவன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான்.
என் வேலைக்கு.
வாடகை உயர்வு. மின்சாரக் கட்டணம்.
வீட்டுக்காரன் கத்தியதில் அரைவாசி,
தகப்பனின் முதுகெலும்பு பற்றி டாக்டர் சொன்னதில் கால்வாசி,
மாமாவின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதை
'யோசிக்கினமாம்' என்று.
எனக்கு மணிக்கூலி, சான்றிதழ், இடையில் ஓய்வு.
அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை
குறைக்காதே என்று.
கெட்டதையெல்லாம் வடித்துத் தானே வைத்துக்கொண்டான்.
எங்கே வைத்தான் என்று படிவம் கேட்கவில்லை.

பிளாசாவுக்குப் பின்னால்
கார் வைத்திருந்த பெடியள்
எதையும் வாசித்துச் சொல் என்று அவனைக் கேட்டதில்லை.
சாப்பிட்டியாடா என்றார்கள்.
ஒருநாள் ஜாக்கெட் கொடுத்தார்கள்.
ஜாக்கெட்டின் உள்பையில் இருந்ததையும்
பாதுகாப்புக்கு வைத்திரு என்றார்கள்.

இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை.
சொல்வது என் வேலையும் இல்லை.
அவனுக்குப் பின்னால் ஒரு தங்கை,
அதே வீடு, அதே சப்பாத்து,
பள்ளி வாத்தியக் குழுவில் கிளாரினெட் ஊதுகிறாள்.
அவளை எந்த வரியில் எழுதுவது?

"அப்ப, நீ வாசிச்சதெல்லாம் பொய்யோ?"
மகனிடம் கேட்டார். அவனுக்குத் தமிழ் விளங்கும்.
ஆனாலும் அறைக்குள் பேசியது எல்லாம்
இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும்,
ஆகவே நான் அதை ஆங்கிலத்தில் திரும்பக் கேட்டேன்.
தமிழுக்கு நிலத்தைப் பார்த்தபடி இருந்தவன்
ஆங்கிலத்துக்கு முகத்தை மேசையில் வைத்துவிட்டான்.

நடைவழியில் வெட்டுப்பட்டவனின் தாய்.
அவனுக்கும் பெயர் கிடையாது. பதினைந்து.
பக்கத்தில் சோமாலி மொழிபெயர்ப்பாளர்;
ஒரே நிறுவனம், கண்ணால் ஒரு வணக்கம்.

இந்தத் தாய் என் கையைப் பிடித்தார்.
"அவவிட்டைக் கேளுங்கோ,
பிள்ளை இப்ப வாயால சாப்பிடுறானோ எண்டு."

இரு தரப்பும் பேசக்கூடாது; நிபந்தனை எட்டு.
அந்தப் பெண் எங்கள் பக்கம் திரும்பி,
என்ன சொல்கிறாள் என்பதுபோல்
என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் குறைத்தேன்.