வரிசை எண் 417

யாவோரா சுவிட்ச் கம்பெனியின்
பங்குதாரர் பதிவேட்டை
பதினைந்து ஆண்டுகள் எழுதியவள் நான்.
பிராகிலிருந்து ரயிலில் வரும் ஆய்வாளர்கள்
வரைபடத்தைத்தான் கேட்பார்கள்.
அது எளிது:
ஆயிரத்தில் தொடங்கி
நூற்று நாற்பதுக்கு விழுந்து
பிறகு அரைமனதாய் எழுந்த ஒரு கோடு.

அதற்கு முந்தைய கதைக்குக் கோடு கிடையாது.
மூடிக் கிடந்த பீர் ஆலையில்
1921இல் ஓட்டகர் புர்டா
பீங்கான் சுவிட்ச் செய்யத் தொடங்கினார்.
அரசு ஆலையை எடுத்துக்கொண்ட வருடம்
வாசல் சுவரிலிருந்து
அவர் பெயரின் இரும்பு எழுத்துகளைப் பிடுங்கினார்கள்.
எழுத்து மூடியிருந்த இடம் மட்டும்
வெயிலுக்கு வெளுக்காமல்
நாற்பது ஆண்டும் புர்டா என்றே நின்றது.

92இல் ஆளுக்கொரு கூப்பன் புத்தகம்.
ஆலை இனி உங்களுடையது என்றார்கள்.
பேக்கலைட் அச்சு எந்திரத்தின் போகுஸ்லாவ் கிரெய்சா,
இடக்கையில் இரண்டு விரல் குறைந்தவர்,
ஆயிரம் புள்ளியையும் இங்கேயே போட்டார்.
இருபத்து மூன்று பங்கு.
வரிசை எண் 417.
கையெழுத்துப் போட வந்தபோது
அவர் மனைவி ஸ்தாஸா சொன்னாள்:
"ரெண்டு விரலை ஏற்கெனவே முதலீடு செய்தவர்தானே."

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஆறு பேர் வருவார்கள்.
ஒரு தட்டு ரொட்டி, யாரும் தொடாத வெள்ளரி ஊறுகாய்.
ஒவ்வொரு வருடமும் கிரெய்சா எழுந்து
ஒரே கேள்வி கேட்பார்:
"புது சுவிட்ச் ஏன் சத்தமே போடுவதில்லை?
இருட்டில் வீட்டுக்கு வருகிறவனுக்கு
வெளிச்சத்துக்கும் முன்னால் கிடைக்கிற பதில்
அந்த டக் அல்லவா?"
தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.
நான் குறிப்பேட்டில் எழுதுவேன்:
கேள்விகள் எதுவும் எழவில்லை.

2004, ஒரு செவ்வாய்க்கிழமை.
இருநூற்றுப் பதினான்கு பேர் வேண்டாம் என்று
காலை ஒன்பதுக்கு அறிவிப்பு.
மதியத்துக்குள் பங்கு பதினொரு சதவீதம் ஏறியது.
அனுப்பப்பட்டவர்களில் பாதிப்பேர்
பங்கு வைத்திருந்தவர்கள்.
வேலை போன அதே பொழுதில்
பணக்காரர்கள் ஆனார்கள்.
கிரெய்சாவுக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன்:
முந்நூற்று ஐம்பத்து நான்கு கொருனா.
மூன்று நாள் கூலாஷ், மூன்று கிளாஸ் பீர்.

பிறகு ஜெர்மன் குழுமம்
தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டியது.
மிச்சத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளச்
சட்டம் வழிவிட்டது.
பங்கு ஒன்றுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.
417க்கு அனுப்பிய கடிதம்
பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது,
உறையின் மேல் பென்சிலில்
ஒரே சொல்: விற்கவில்லை.

நாலாயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு கொருனா
வங்கியில் கேட்பாரற்றுக் கிடந்தது.

கடைசி நாள்
ஒவ்வொரு பெயரின் மேலும் சிவப்புக் கோடு இழுத்தேன்.
417 வந்ததும்
பேனா தீர்ந்துவிட்டது என்றேன்.
மேலாளர் இன்னொன்று நீட்டினார்.
இழுத்தேன்.

வீட்டு மாடிப்படியில்
பழைய யாவோரா ஒன்று இருக்கிறது.
டக்.
பல்பு போயிருந்தது.
இன்னொரு முறை அழுத்தினேன்.