காத்தமுத்துவுக்கு ஒரு பூசை

கரண்ட் போனதும் எங்கள் பள்ளி தொடங்கும்.
மோல்மேனில் அது பெரும்பாலும் ஏழு மணிக்கு.
பகலில் கணக்கு, பர்மிய எழுத்து,
உலை கொதிக்கும்வரை ஞானோபதேசத்தில் இரண்டு கேள்வி,
எல்லாம் சாப்பாட்டு மேசையில், மீன் கழுவிய கையோடு.
அதைப் பள்ளி என்று யாரும் நினைப்பதில்லை,
நானும்கூட.

பிள்ளைகளை நிறுத்திய வருடம்
மில்லில் என் கணவரைக் கேட்டார்கள்,
"உன் பெண்டாட்டி என்ன, டீச்சரா?"
இல்லை. பத்தாவதில் கணக்கில் தோற்றவள்.
நெடுவகுத்தலை எர்மலினோடு சேர்ந்து
இந்த வருடம்தான் கற்றேன்.
ஆனால் எனக்கு வாசிக்க வரும்.
சத்தமாக, ஆளுக்கொரு குரலில்.

ஜெபமாலை முடிந்து, எரிந்தது போக மிச்ச மெழுகில்
அந்தப் புத்தகம்.
அட்டை கிடையாது. எழுதியவர் பேரைக் கரையான் தின்றுவிட்டது.
துக்க வீட்டில் பழைய பாய்களோடு சேர்த்துக் கொடுத்தார்கள்.
அதில் ஒரு பரிசல்காரன், காத்தமுத்து.
பொய் சொல்வான், கள் குடிப்பான்,
கூலி இல்லாத கிழவியை அக்கரை சேர்த்துவிட்டு
அவள் வெற்றிலைப் பையைத் திருடுவான்.
என் பிள்ளைகள் அவன்மேல் உயிரையே வைத்திருந்தார்கள்.

தவக்காலம் நாலாம் வாரம், நூற்று நாற்பதாம் பக்கம்,
வெள்ளம் அவனைக் கொண்டுபோனது.
எனக்குத் தெரியும். முதல் நாளே
திருட்டுத்தனமாய்ப் புரட்டியிருந்தேன்.
தெரிந்தும் குரல் உடைந்தது.
மொனிக்கா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்,
இருட்டிவிட்டால் அது நடக்காது என்பதுபோல்.

சனிக்கிழமை கஸ்பார்
ஈஸ்டருக்குச் சேர்த்த இரண்டாயிரம் கியாட்டோடு
பங்குச் சாமியாரிடம் போனான்.
அவர் கரேன்காரர். தமிழில் பத்துச் சொல் தெரியும்.
"ஞானஸ்நானம் பெற்றவரா?"
"முழுசா தண்ணியில மூழ்கினார், ஃபாதர்."
"இறந்த தேதி?"
"வியாழன். கரண்ட் போனப்புறம்."
அவர் சிரிக்கவில்லை என்றான் பையன்.
பேனாவை உதறி உதறி எழுதினாராம்.

ஞாயிறு பூசையில் இறந்தோர் பட்டியல்.
இப்போதெல்லாம் அது நீளம்,
பெயர்கள்தான் குறைவு.
"ஒரு மகனுக்காக" என்பார் சாமியார்.
"இன்னொரு மகனுக்காக."
அதற்குமேல் சொன்னால் யார் வீட்டுக் கதவு தட்டப்படுமோ.
எல்லோரும் தரையைப் பார்ப்போம்.
பிறகு அவர் கண்ணாடியைச் சரிசெய்து
எழுத்தெழுத்தாய்ப் படியேறி,
"கா... தா... முட்டூ."
கோவில் சுவரெல்லாம் அந்தப் பேர் போய் வந்தது.
எர்மலின் என் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டாள்.
சிரிப்பா அழுகையா, நான் பார்க்கவில்லை.

வெளியே, செருப்புத் தேடுகையில்
பெர்னதெத்தக்கா கையைப் பிடித்தாள்.
மூன்று மாதமாய் அந்த 'ஒரு மகன்' அவளுடையவன்.
"யாரு காத்தமுத்து? உங்க ஆளுங்களா?"
பொய் சொல்ல வாய் வரவில்லை, உண்மை சொல்லவும்.
"எங்க வீட்டு ஆள்தான்" என்றேன்.
"பேரைச் சொல்லி வாசிச்சாங்களே" என்றாள்.
"கேக்க நல்லா இருந்துச்சு."

அன்றிரவு ஊரடங்குக்கு முன்னமே வந்துவிட்டாள்,
பாயைச் சுருட்டிக்கொண்டு,
பாதி எரிந்த மெழுகுவர்த்தி ஒன்றோடு.
எதற்கு வந்தாள் என்று அவளும் சொல்லவில்லை.
நூற்று நாற்பத்தொன்றைப் பிரித்தேன்.
கஸ்பார் புத்தகத்தைப் பிடுங்கினான்.
"அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதேம்மா."
கரையான் விட்டுவைத்த முதல் தாள்வரை புரட்டி
என் மடியில் வைத்தான்.
ஒன்பதாம் பக்கம். ஆறு வற்றிக் கிடக்கிறது.
காத்தமுத்து துடுப்பால் முதுகைச் சொறிந்தபடி
யாரையோ பேர் சொல்லித் திட்டுகிறான்.