இசோபேயின் கால் அளவு

தாராவி, தோல் கிடங்குச் சந்து.
என் கணக்கு நோட்டில்
எழுபத்தொன்பது, நவம்பர்:
"ஜப்பான்காரர். இசோபே.
வலது பதினொன்று.
இடது அதைவிடக் கொஞ்சம் கூட.
சிவப்பு. பன்னிரண்டு கண். முன்பணம் நாற்பது."

விமானத்தில் பெட்டி தொலைந்து
யாரோ கொடுத்த ஹவாய் செருப்பில்
பாதிக் குதிகால் வெளியே தொங்க வந்தார்.
ராத்திரி வொர்லியில் சண்டை.
மூன்று மணி நேரத்தில் பூட்ஸ் வேண்டும்.
முடியாது என்பதைத்
தெரிந்த மூன்று மொழியிலும் சொன்னேன்.
மூன்றுக்கும் சிரித்துக்கொண்டு
ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார்.
ஸ்டூல்தான் பாவம்.

மீதிக் கூலிக்கு ஒரு டிக்கெட்,
மேடையை ஒட்டிய நாற்காலி.
பலகைக்கு அடியில் ஒன்றுமில்லை என்று
அன்றுதான் தெரிந்தது;
ஆள் விழுந்தால் இடி இடிப்பது அதனால்.
மணிக்கட்டுத் துணிக்குள் அரை பிளேடு.
குப்புறக் கிடந்த சாக்கில்
தன் நெற்றியைத் தானே கீறிக்கொண்டார்.
இரண்டு தையல் நீளம், அதற்கு மேல் இல்லை.
கூட்டம் "மாரோ மாரோ" என்று எழுந்து நிற்க,
நான் கையைப் பார்த்தேன்.
ஆழம் தெரிந்து வெட்டுகிற கை.
எங்கள் தொழில் கை.

எண்பத்திரண்டு: இடது பதினொன்றரை.
எண்பத்தைந்து: இரண்டு கணுக்காலும் வீக்கம்.
அச்சுக்கட்டைமேல் தோல் துண்டு ஒட்டி ஒட்டி
அவர் விழுந்த ஊர்களையெல்லாம்
மரத்தில் ஏற்றிக்கொண்டே வந்தேன்.

எண்பத்தெட்டில் கோட்டு போட்டு வந்தார்.
முதலாளி ஆகிவிட்டாராம்.
ஒசாகாவில் மாமனார் அரிசிக் கடையை
அடகு வைத்த பணம்.
பத்து ஜோடி, கடனுக்கு.
"கனிசான், கூட்டம் வரும்" என்றார்.
மைதான வாடகை, நாற்காலி வாடகை,
வாடகை இல்லாத போலீஸ்காரர்கள்,
மாஹிம்வரை போஸ்டர் ஒட்டிய பையன்கள்.
யாரைக் கண்டாலும் குனிந்து வணங்குவார்.
குனிந்த முதுகில் எல்லோரும் பில் எழுதினார்கள்.

வானமும் எழுதியது. ஜூன் ஐந்து, மழை.
பாதி நாற்காலியில் தண்ணீர்தான் உட்கார்ந்திருந்தது.
சொன்ன ஆள் வராததால்
நாற்பத்து மூன்று வயதில் அவரே ஏறினார்.
எதிரே கோலாப்பூர் பையன், யஷ்வந்த் காட்கே.
பன்னிரண்டாவது நிமிஷம்
நீ விழ வேண்டும் என்று பேச்சு.
செம்மண்ணில் குஸ்தி பழகியவன்.
முன்வரிசையில் ஊர்க்காரர்கள்.
விழ வேண்டிய நேரத்தில்
விழ மனசு வரவில்லை அவனுக்கு.

தூக்கி அடித்தான். நிஜமாக.
முதலில் கிழிந்தது என் தையல்.
எலும்பு அப்புறம்தான்.

நடுவர் முழங்காலிட்டுத் திகைத்தார்,
எண்ணுவதா வேண்டாமா என்று.
தோள் இரண்டும் தரையில் இருக்க
இசோபேயே கையை உயர்த்திப்
பலகையை அடித்தார்.
ஒன்று.
இரண்டு.
மூன்றுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

பிறகு ஒன்பது நாள்
கட்டை ஊன்றிச் சந்து சந்தாக வந்து
கடன் அடைத்தார்.
காட்கேவுக்குப் பேசியதைவிட நூறு கூட.
எனக்குப் பாதி பணம்,
பாதிக்கு மேடையில் விரித்த கேன்வாஸ்.
கூரைக்கு மேல் போட்டேன்.
காய்ந்த ரத்தம் மூன்று மழைக்குத் தாங்கியது,
துணி எட்டு மழைக்கு.

தொண்ணூற்றாறு, கடைசிப் பக்கம்.
கோட்டு இல்லை. கம்பெனியும் இல்லை.
ஒசாகாவில் பையன்களுக்கு
விழக் கற்றுத் தருகிறாராம்.
அடிபடாமல் விழவா என்று கேட்டேன்.
அப்படி ஒன்று கிடையாது என்று
கையை ஆட்டினார். விரல் மடங்கவில்லை.

என் எழுத்து இப்படி இருக்கிறது:
"சிவப்பு. லேஸ் வேண்டாம், பக்கத்தில் பட்டை.
வலது பதினொன்று.
இடது அளக்க விடவில்லை.
முன்பணம் அறுபது."

ஜோடி அலமாரியில் இருக்கிறது.
அறுபது, அவர் எனக்குத் தந்ததா
நான் அவருக்குத் தர வேண்டியதா,
கணக்கு இன்னும் முடிக்கவில்லை.